அளவுகோலைக் கண்டு ஓடிய பெண்கள்

1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்திய மக்களின் தலை, மூக்கு, முகம், உயரம் ஆகியவற்றை அளந்தே பெயர் பெற்றவர். நீலகிரி அவருடைய முக்கியமான களங்களுள் ஒன்று. தோடர், கோத்தர் பற்றிய அவருடைய அளவீடுகள் 1896இல் அருங்காட்சியக வெளியீடாக வந்தன. படகர், இருளர், பணியர் ஆகியோரையும் அவர் அளந்தார். 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' நூலில், இந்த வேலையின்போது தமக்கு நேர்ந்தவற்றை வேடிக்கைபோலச் சொல்லிச் செல்கிறார். பழைய குற்றமொன்றுக்காகத் தேடப்பட்ட நீலகிரி இருளர் ஒருவர், உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று நினைத்து அளக்க மறுத்துவிட்டாராம். வயநாட்டுப் பணியர் பெண்களோ, தங்களுள் நன்றாக இருப்பவர்களைப் பிடித்துப் பஞ்சடைத்து அருங்காட்சியகத்தில் வைத்துவிடுவார் என்று அஞ்சி, அவரைக் கண்டதும் ஓடிவிட்டார்களாம்.

சிரிப்பதற்காகச் சொல்லப்பட்ட கதை. ஆனால் கூடலூரும் பந்தலூரும் சேர்ந்த மாவட்டத்தில் பிறந்து, இன்று வரலாறு கற்பிக்கும் எனக்கு அதில் சிரிப்பு வருவதில்லை. கருவியோடு ஒருவர் வருகிறார். எதற்கு அளக்கிறார், அளந்து என்ன செய்யப்போகிறார் என்று அந்தப் பெண்களிடம் யாரும் சொல்லவில்லை. கிடைத்த கொஞ்சத் தகவலை வைத்து அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஓடியது அவர்கள் சொன்ன பதில்.

இந்தக் கட்டுரை பல்லுக்குக் கிளிப் போடுவதைப் பற்றியது. தர்ஸ்டனின் காலிப்பருக்கும் கிளிப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நேரடியான தொடர்பே உண்டு.

கிளிப் போடப்போகும் பெண்ணை முதலில் ஓர் எக்ஸ்ரே கருவியில் நிறுத்துவார்கள். இரண்டு காதுத் துளைகளிலும் சிறு குச்சிகள் வந்து பொருந்தும். தலை இப்படி அப்படி அசையாது. காதுத் துளையின் மேல்விளிம்பையும் கண்குழியின் கீழ்விளிம்பையும் இணைக்கும் கோடு தரைக்கு இணையாக இருக்கும்படி முகத்தைத் திருத்தி வைப்பார்கள். இந்தக் கோட்டுக்கு ஃபிராங்ஃபர்ட் தளம் என்று பெயர். 1880களில் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் கூடிய மானிடவியலாளர்கள், பல நாடுகளிலிருந்து சேர்த்த மண்டையோடுகளை ஒரே நிலையில் வைத்து ஒப்பிடுவதற்காக ஒப்புக்கொண்ட கோடு அது. 1931இல் அமெரிக்காவில் ஹோலி பிராட்பென்ட்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் முகத்தின் பக்கவாட்டு எக்ஸ்ரே முறையைத் தனித்தனியே வெளியிட்டார்கள். செத்தவர் மண்டைக்கு வகுத்த கோடு உயிருள்ள சிறுமியின் முகத்துக்கு வந்தது.

முகத்தைக் கோணத்தால் அளப்பது அதற்கும் நூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது. டச்சுக்காரரான பீட்டர் காம்பர் 18ஆம் நூற்றாண்டில் 'முகக்கோணம்' என்ற ஒன்றை வகுத்தார். ஆப்பிரிக்கர் முகத்துக்கு ஏறக்குறைய 70 பாகை, ஐரோப்பியருக்கு 80, பழைய கிரேக்கச் சிலைகளுக்கு 100 என்று வரிசைப்படுத்தினார். ஓவியர்களுக்கு உதவத்தான் இதைச் செய்தார். பின்னால் வந்தவர்கள் இதை மனிதர்களைத் தரம் பிரிக்கும் ஏணியாக்கிக்கொண்டார்கள். தாடையும் பல்லும் எவ்வளவு முன்னே வருகிறதோ அவ்வளவு கீழ்ப்படி. அந்த ஏணியைத் தூக்கிக்கொண்டுதான் ஒருவர்பின் ஒருவராக நீலகிரிக்கு வந்தார்கள். தோடர்களின் தலையைப் பார்த்து அவர்கள் குணத்தைச் சொல்ல முயன்ற வில்லியம் மார்ஷலின் நூல் 1873இல் வந்தது. அதன் பெயரிலேயே 'மண்டையோட்டு ஆய்வாளர்' என்று போட்டுக்கொண்டார்.

பல்வரிசையைச் சீராக்குவதைத் தனி மருத்துவத் துறையாக ஆக்கியவர் அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள். 1899இல் அவர் வகுத்த முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்ற பிரிவைத்தான் இன்றும் கோயம்புத்தூர் மருத்துவர் நம் சீட்டில் எழுதுகிறார். பல் மருத்துவம் படித்த அன்னா ஹாப்கின்ஸ் அவர் மனைவி. அவருடைய பணியில் உடனுழைத்தவர். அழகான முகம் எது என்ற கேள்விக்கு ஆங்கிளும் முதலில் காட்டியது அப்பல்லோவின் சிலையைத்தான். எட்மண்ட் வெர்பெல் என்ற ஓவிய ஆசிரியரிடம் அழகுக்கு ஒரு விதி சொல்லுங்கள் என்று அவர் கேட்டபோது, எல்லா முகத்துக்கும் பொருந்தும் ஒரே விதி கிடையாது என்று அவர் மறுத்துவிட்டார். அதன்பின் ஆங்கிள், எல்லாப் பற்களையும் வைத்துக்கொண்டு சரியாகக் கடிக்கச் செய்தால் அந்தந்த முகத்துக்கு உரிய அழகு வந்துவிடும் என்ற நிலைக்கு வந்தார். பல் பிடுங்குவதை அவர் கடுமையாக எதிர்த்தார். 1930இல் அவர் இறந்தபின் அவருடைய மாணவர் சார்லஸ் ட்வீட், பற்கள் மீண்டும் முன்னே தள்ளி நிற்பதைக் கண்டு, முன்கடைவாய்ப் பற்கள் நான்கை எடுத்து மற்றவற்றைப் பின்னே இழுக்கத் தொடங்கினார். ஆஸ்திரேலியாவின் ரேமண்ட் பெக், அந்நாட்டுப் பழங்குடிகளின் தேய்ந்த பற்களை ஆராய்ந்து, வேறொரு வழியாக அதே முடிவுக்கு வந்தார். பெக் முறை இந்தியாவில் பல ஆண்டுகள் பரவலாகக் கையாளப்பட்டது.

இனி எவ்வளவு பின்னே இழுப்பது? அதற்கு ஓர் எல்லை வேண்டும். 1948இல் வில்லியம் டௌன்ஸ் ஒரு பட்டியலைத் தந்தார். நல்ல பல்வரிசை கொண்ட வெள்ளையினப் பிள்ளைகள் 20 பேர், 12 முதல் 17 வயதுள்ளவர்கள், எக்ஸ்ரேயில் எப்படி இருந்தார்கள் என்பதுதான் அது. ஃபிராங்ஃபர்ட் தளத்தை அடியாக வைத்து அவர் கணித்த அளவுகளுள் ஒன்றின் பெயர் 'முகக்கோணம்'. காம்பர் போட்ட அதே கோணமல்ல, பெயர் அதேதான். தென்னிந்தியரின் முன்பற்களும் உதடுகளும் இந்த மேலைச் சராசரிகளைவிடச் சற்று முன்னே நிற்பது இயல்பு என்று இங்கே பின்னர் நடந்த அளவீடுகள் காட்டின. இன்று நன்றாகப் படித்த மருத்துவர்கள் இங்குள்ளவர்களின் அளவுகளையும் பார்க்கிறார்கள். ஆனால் 'பல் தூக்கலா இருக்கு' என்ற சொல் எக்ஸ்ரே அறைக்கு வெளியே, வீட்டுக் கூடத்தில்தான் முதலில் விழுகிறது. அங்கே எந்தச் சராசரியும் திருத்தப்படுவதில்லை.

இதையெல்லாம் வெள்ளைக்காரர் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. பல்லை வைத்து ஆளை மதிப்பது இங்கும் உண்டு. ஆனைமலைக் காடர்கள் ஆணும் பெண்ணும் முன்பற்களை உளிகொண்டு கூராக்கிக்கொண்டதைத் தர்ஸ்டனே பதிவு செய்திருக்கிறார். அவர்களுக்கு அது அழகு. நடுவில் வலியும் இருந்தது. ஜப்பானில் மணமான பெண்கள் பல்லைக் கறுப்பாக்கிக்கொண்டார்கள். நம் ஊரில் ஒரு பக்கம் மேலேறி நிற்கும் கோரைப்பல்லைச் 'சிங்கப்பல்' என்று சொல்லி, அதிர்ஷ்டம் என்று கொஞ்சுவார்கள். அதே பல் பெண் பார்க்கும் நாளில் 'தெத்துப்பல்' ஆகிவிடும். ஒரே பல்லுக்கு இரண்டு பெயர். எந்தப் பெயர் எப்போது வரும் என்பதை அந்தப் பெண் தீர்மானிப்பதில்லை.

எனக்கு 24 வயதில் அந்தப் பெயர் வந்தது. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் அம்மா கொழுந்து பறித்தார். லயன் வீட்டில்தான் நானும் அக்காவும் வளர்ந்தோம். என்னைப் பார்க்க வந்தவர்கள் போய் நான்கு நாள் கழித்து, "பொண்ணு நல்லாப் படிச்சிருக்கு, பல்லுதான் கொஞ்சம் எடுப்பா இருக்கு" என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பினார்கள். அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்துவந்து, "கோயம்புத்தூர் போய்க் கம்பி போட்டுட்டு வா" என்றார். சீட்டுப் பணம் 40,000 ரூபாய். எனக்கும் அந்தப் பல் பிடிக்காமல்தான் இருந்தது. அந்த விருப்பமின்மை எவ்வளவு என்னுடையது, எவ்வளவு பள்ளிக்கூடத்துக் கேலியும் தரகர் சொல்லும் சேர்ந்து உண்டாக்கியது என்று பிரித்துச் சொல்ல இன்றும் என்னால் ஆகாது.

கிளிப் போட்டால் என்ன நடக்கும் என்று யாரும் எனக்கு வரிசையாகச் சொல்லவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

முதலில் எக்ஸ்ரே, பல் அச்சு, புகைப்படம். இடம் போதாவிட்டாலோ முன்பற்களைப் பின்னே கொண்டுபோக வேண்டியிருந்தாலோ, நான்கு நல்ல முன்கடைவாய்ப் பற்களை எடுக்கச் சொல்வார்கள். எல்லாருக்கும் இது தேவைப்படாது. எனக்கு எடுத்தார்கள். பிறகு ஒவ்வொரு பல்லின் மேலும் ஒரு சிறு உலோகப் பொத்தானை ஒட்டுவார்கள். இப்படி ஒட்ட முடிவதற்குக் காரணம், பல்லின் மேற்பரப்பை அமிலத்தால் சற்றுச் சொரசொரப்பாக்கினால் பசை பிடிக்கும் என்று 1955இல் மைக்கேல் புவனோகோர் கண்டுபிடித்ததுதான். அதற்குமுன் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோக வளையம் மாட்டவேண்டும். பொத்தான்கள் வழியே ஓடும் மெல்லிய கம்பி நிக்கலும் டைட்டானியமும் கலந்தது. வளைத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும் இந்த உலோகம் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்து, 1970களில் பல்லுக்கு வந்தது.

பல் நகர்வது கம்பியின் பலத்தால் அல்ல, நம் எலும்பின் வேலையால். அழுத்தம் விழும் பக்கம் எலும்பு கரைகிறது, எதிர்ப்பக்கம் புது எலும்பு வளர்கிறது. 1904இல் ஸ்வீடனின் கார்ல் சான்ஸ்டெட் நாய்களில் இதைக் காட்டினார். எலும்புக்கு அவசரம் கிடையாது. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் பல் நகரும். அதனால்தான் ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு. இறுக்கினால் சீக்கிரம் முடியும் என்று நினைக்கக் கூடாது. அதிக அழுத்தம் வேரைத்தான் கரைக்கும்.

ஒவ்வொரு முறை முறுக்கியபின்னும் இரண்டு மூன்று நாள் கடிக்க முடியாது. கன்னத்தின் உட்புறம் உரசிப் புண்ணாகும். அதற்கு ஒரு மெழுகு தருவார்கள், பொத்தான்மேல் ஒட்டிக்கொள்ளலாம். முறுக்கு, கரும்பு, வேர்க்கடலை கூடாது. ஊட்டி கேரட்டைப் பச்சையாகக் கடிக்க முடியாது, துருவித்தான் தின்னவேண்டும். வர்க்கியைத் தேநீரில் நன்றாக ஊறவிட்டுச் சாப்பிட்டேன். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பல் துலக்கவேண்டும். துலக்காவிட்டால் கிளிப்பைக் கழற்றும்போது பல்லில் வெள்ளைத் தழும்பு நிற்கும்; அது எளிதில் போகாது. வேலை செய்யும் இடத்தில் தண்ணீர்க் குழாய் இல்லாத பெண்ணுக்கு இந்த ஒரு விதியே பெரிய தடை. கழற்றிய பின்னும் முடியவில்லை. பல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். அதைப் பிடித்துவைக்கும் ரிட்டெய்னரை முதலில் பகலும் இரவும், பிறகு இரவில் மட்டும், ஆண்டுக்கணக்கில் போடவேண்டும். கல்யாணத்தோடு நிறுத்திவிட்டுப் பல் மீண்டும் விலகிய பெண்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

மாதம் ஒருமுறை கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி, கோயம்புத்தூருக்கு பஸ் பிடித்துப் போய், இருட்டுவதற்குள் மலை ஏறவேண்டும். ஒரு நாள் சம்பளம் போகும். 1953இல் சென்னையில் தொடங்கிய அரசுப் பல் மருத்துவப் பிரிவு, இன்று அரசு பல் மருத்துவக் கல்லூரியாக, குறைந்த செலவில் இந்தச் சிகிச்சையைத் தருகிறது. ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து அது ஓர் இரவு ரயில் தூரம். மாதாமாதம் யார் போவார்? தொழிலாளருக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி செய்து தருவது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. எங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரியில் பல்வலிக்குக் கிடைத்தது மாத்திரை. அது கேட்காவிட்டால் ஊருக்குப் போய்ப் பிடுங்கிக்கொள்ளவேண்டும். அம்மாவுக்கு 40 வயதுக்குள் நான்கு கடைவாய்ப் பற்கள் போய்விட்டன. எனக்கும் நான்கு பற்கள்தான் போயின. அடைத்துக் காப்பாற்ற ஆளில்லாமல் அவருக்குப் போனவை. சொத்தையே இல்லாமல், சிரிப்பு நேராக இருக்கவேண்டும் என்பதற்காக எனக்குப் போனவை. அவருடைய பல்லைப் பற்றி யாரும் தரகரிடம் சொல்லி அனுப்பவில்லை. பெண்ணுடைய பல் மற்றவர் கண்ணில் படும் காலம் அவருக்கு முடிந்துபோயிருந்தது.

யாருக்குக் கிளிப் தேவை என்று பார்க்க ஒரு முறை இருக்கிறது. 1989இல் பிரிட்டனில் புரூக், ஷா என்ற இருவர் ஐந்து படிகள் கொண்ட அட்டவணையை உருவாக்கினார்கள். மேல் முன்பல் கீழ்ப்பல்லைவிட எத்தனை மில்லிமீட்டர் முன்னே இருக்கிறது, உதடு மூடுகிறதா, பல் முளைக்காமல் உள்ளே சிக்கியிருக்கிறதா, கடி குறுக்காக இருக்கிறதா என்று பார்த்துப் படி சொல்வார்கள். நான்காம், ஐந்தாம் படிகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்நாட்டு அரசு மருத்துவச் சேவை இலவசமாகச் செய்கிறது. ஒன்று, இரண்டுக்குச் செய்வதில்லை. ஆறு மில்லிமீட்டருக்கு மேல் முன்னே நின்றால் நான்காம் படி. விழுந்தால் முதலில் உடைவது அந்தப் பல்தான் என்பதும் ஒரு காரணம். என்னுடையது ஐந்து; உதடு சிரமமில்லாமல் மூடியது. அது இரண்டாம் படி. பல்லின் நலத்துக்கு அவசியமில்லாத, தோற்றத்துக்கான சிகிச்சை. தோற்றத்துக்காகச் செய்துகொள்வதும் ஒரு பெண்ணின் உரிமைதான். ஆனால் அது எந்த வகை என்று தெரிந்துகொண்டு செய்வது வேறு.

அக்காவின் மகளுக்கு இப்போது 11 வயது. அவளுக்கு எட்டு மில்லிமீட்டர். நான்காம் படி. சென்ற ஆண்டு பள்ளியில் தடுக்கி விழுந்து முன்பல் முனை உடைந்தது. அக்கா, "வயசுக்கு வரட்டும், கல்யாண நேரத்துல பாத்துக்கலாம்" என்றாள். அங்கேதான் நான் குறுக்கே நின்றேன். கீழ்த்தாடை பின்தங்கியிருக்கும் பிள்ளைக்கு, எலும்பு வேகமாக வளரும் காலத்தில், கழற்றி மாட்டும் ஒரு கருவியைக் கொடுத்தால் பல் பிடுங்காமலே பெரும்பாலும் சரிசெய்யலாம். பெண் பிள்ளைகளுக்கு அந்த வேகம் ஆண் பிள்ளைகளைவிட ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் முன்னதாக வரும். பூப்பெய்தும்போது அதன் உச்சம் பெரும்பாலும் கடந்திருக்கும். அதனால்தான் மருத்துவர், "வயசுக்கு வந்தாச்சா?" என்று கேட்கிறார். காரணம் சொல்லாமல் கேட்பதால், எத்தனையோ சிறுமிகள் தலைகுனிந்து நிற்க, அம்மாக்கள் பதில் சொல்கிறார்கள். நம் வீடுகளில் பெண்ணின் உடலுக்குக் காலம் குறிப்பது கல்யாணம். எலும்பு அந்தக் காலத்துக்குக் காத்திருப்பதில்லை. தேவையுள்ள பிள்ளைக்குத் தாமதமாகவும், தேவையில்லாத பெண்ணுக்கு அவசரமாகவும் கிளிப் வந்து சேர்வது இதனால்தான்.

மருத்துவரிடம் போனபோது கேள்விகளை அவளே ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தாள். எனக்கு எத்தனை மில்லிமீட்டர்? இது எத்தனையாவது படி? இப்போது செய்யாவிட்டால் என்ன ஆகும்? பல் பிடுங்க வேண்டியிருக்குமா, ஏன்? யாருடைய அளவோடு என்னை ஒப்பிடுகிறீர்கள்? எத்தனை மாதம், எத்தனை முறை வரவேண்டும், மொத்தம் எவ்வளவு? முடிந்தபின் ரிட்டெய்னர் எத்தனை ஆண்டு? கடைசியில் அவளாக ஒன்றைச் சேர்த்திருந்தாள்: "நடுவுல எனக்கு வேண்டாம்னா நிறுத்தலாமா?" அந்த மருத்துவர், அவரும் பெண், தாளை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் அவளைப் பார்த்தே பதில் சொன்னார். கடைசிக் கேள்விக்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு, நிறுத்தலாம், ஆனால் பாதியில் நிறுத்தினால் கடி எப்படி இருக்கும் என்று அச்சில் செய்த தாடையை வைத்துக் காட்டினார்.

அக்கா மகள் எக்ஸ்ரே கருவியில் போய் நின்றாள். பணியர் பெண்கள் ஓடினார்கள், இவள் நின்றாள் என்று இதை முன்னேற்றக் கதையாக நான் சொல்லவரவில்லை. அந்தப் பெண்களிடம் யாரும் பேசவில்லை. தங்களுக்கு இருந்த ஒரே வழியில் அவர்கள் மறுத்தார்கள். இவளுக்குக் கேட்க முடிந்தது, பதில் கிடைத்தது, அதன்பின் ஒப்புக்கொண்டாள். கூடலூர் பக்கத்துப் பணியர் குடியிருப்பிலோ எங்கள் பழைய லயன் வீட்டிலோ நான்காம் படியில் இருக்கும் ஒரு சிறுமிக்கு இன்றும் இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைப்பதில்லை. அவளுக்கு அது மலையிலேயே கிடைக்கவேண்டும்: அரசு மருத்துவமனையில், மாதச் சம்பளம் போகாத தூரத்தில், கல்யாணப் பேச்சு தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னால்.